மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஆவணத்தைப் படியுங்கள்: லாபிமேப் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஒரு நிறுவனம் தன் ஆலைகளிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதை அதன் ஆண்டறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் சட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது அதே நிறுவனம் அரசிடம் என்ன கேட்டது, அதைத் தானே கேட்டதா அல்லது தான் சந்தா கட்டும் தொழில் சங்கத்தின் வழியாகக் கேட்டதா என்பதைக் கண்டறிவதுதான் கடினம். இந்த வேலைக்காகவே லண்டனைச் சேர்ந்த இன்ஃப்ளூயன்ஸ்மேப் என்ற லாப நோக்கற்ற ஆய்வு அமைப்பு லாபிமேப் என்ற சேவையை நடத்துகிறது. 2015-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு அறக்கட்டளைகளின் நிதியில் இயங்குகிறது. சுமார் 500 பெரிய நிறுவனங்களும் 250-க்கு மேற்பட்ட தொழில் சங்கங்களும் இதன் கண்காணிப்பில் உள்ளன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முதலீட்டாளர்கள் கூட்டாக நடத்தும் கிளைமேட் ஆக்‌ஷன் 100 பிளஸ் முயற்சியும் நிறுவனங்களின் கொள்கைப் பரப்புரையை மதிப்பிட இதன் தரவுகளையே எடுத்துக்கொள்கிறது என்பதால், இதை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு ரசாயன நிறுவனத்தை வைத்துத்தான் இந்தச் சேவையைச் சோதிக்க வேண்டும் என்று நினைத்தேன். மின் உற்பத்தி நிறுவனம் நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றாலைக்கு மாறினால் அதன் உமிழ்வுக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ரசாயன ஆலைக்கு அந்த வசதி கிடையாது. அங்கே எண்ணெயும் எரிவாயுவும் அடுப்பில் எரிவதோடு நிற்பதில்லை, விற்கும் பொருளுக்குள்ளேயே போய்ச் சேர்கின்றன. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் லுட்விக்ஸ்ஹாஃபனில் வைத்திருக்கும் வளாகம் சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஏறத்தாழ 200 உற்பத்திப் பிரிவுகள் குழாய்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஒரு பிரிவின் கழிவு வெப்பமும் துணைப்பொருளும் அடுத்த பிரிவின் உள்ளீடாகும்படி அது அமைந்திருக்கிறது. 2021-இல் அந்த ஒரு வளாகம் மட்டும் சுமார் 37 டெராவாட் மணி இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்தியது. இது ஜெர்மனியின் மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 4 சதவீதம். அதில் சுமார் 60 சதவீதம் மின்சாரத்துக்கும் நீராவிக்கும் போனது, மீதி மூலப்பொருளாக உள்ளே போனது. இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை எரிசக்திக் கொள்கை என்பது பொதுத் தொடர்புத் துறையின் விவகாரம் அல்ல, உற்பத்திச் செலவின் அடித்தளம். எனவே அது அரசிடம் எதைக் கேட்கும், எந்தக் குரலில் கேட்கும் என்பதை அளக்கும் கருவிக்கு இதைவிடக் கடினமான தேர்வு இருக்க முடியாது.

லாபிமேப் செயல்படும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கட்டப் பட்டியல் உண்டு. பட்டியலின் ஒரு பக்கத்தில் காலநிலை அறிவியலை ஏற்பது, உமிழ்வு வர்த்தகம், கார்பன் வரி, புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், எரிசக்தித் திறன் விதிகள், எரிபொருள் மாற்றம் என்று கொள்கைத் தலைப்புகள் வரிசையாக நிற்கும். இன்னொரு பக்கத்தில் நிறுவனத்தின் இணையதளம், தலைமை நிர்வாகியின் பேச்சு, ஊடகச் செய்திகள், முதலீட்டாளருக்கான அறிக்கைகள், அரசின் கருத்துக்கேட்புக்கு அனுப்பிய கடிதங்கள் என்று சான்றுகளின் வகைகள் இருக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண் போடப்படும். கட்டத்தைத் திறந்தால் சான்றின் வாசகம், அது வெளியான காலம், ஏன் அந்த மதிப்பெண் என்று ஆய்வாளர் எழுதிய சிறு விளக்கம் ஆகியவை கிடைக்கும். இவை அனைத்தும் திரண்டு நிறுவனத்துக்கு 100-க்கு ஒரு மதிப்பெண் வரும். அது சார்ந்துள்ள சங்கங்களின் நிலைப்பாட்டுக்குத் தனி மதிப்பெண் வரும். இரண்டையும் இணைத்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை ஒரு எழுத்துத் தரம் தரப்படும்.

செய்திகளில் வருவது அந்த எழுத்துத் தரம்தான். எனக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டதும் அதுவே. 2022 நவம்பரில் இன்ஃப்ளூயன்ஸ்மேப் வெளியிட்ட, காலநிலைக் கொள்கைக்கு அதிகம் தடையாக இருக்கும் செல்வாக்குள்ள நிறுவனங்களின் பட்டியலில் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களான செவ்ரானுக்கும் எக்ஸான்மொபிலுக்கும் பக்கத்தில் முன்வரிசையில் பிஏஎஸ்எஃப்பும் இருந்தது. இதைப் படித்துவிட்டு நிறுவனத்தின் சொந்த அறிவிப்புகளைப் பார்க்கும் வாசகர் குழம்பிப்போவார். 2018-இல் 21.9 மில்லியன் டன்னாக இருந்த தன் உமிழ்வை 2030-க்குள் 25 சதவீதம் குறைப்பதாகவும், 2050-இல் நிகரப் பூஜ்யத்தை எட்டுவதாகவும் 2021 மார்ச்சில் அறிவித்த நிறுவனம் இது. பாரிஸ் ஒப்பந்தத்தை ஆதரிப்பதாகச் சொல்கிறது, உலக நாடுகள் கார்பனுக்கு விலை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் இரண்டும்தான். அது எப்படி என்பதை எழுத்துத் தரம் காட்டாது, கட்டங்கள் காட்டும்.

உமிழ்வு வர்த்தகம் என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வர்த்தகத் திட்டம் 2005-இல் தொடங்கியது. 2013-இலிருந்து ரசாயனத் துறையின் பெரும்பகுதி அதற்குள் வந்தது. ஒவ்வொரு டன் வாயுவுக்கும் ஓர் அனுமதிச் சீட்டு தேவை. ஆனால் வெளிநாட்டுப் போட்டியால் ஆலைகள் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிடும் ஆபத்து உள்ள துறைகளுக்கு, அந்தந்தப் பொருளில் மிகச் சிறப்பாகச் செயல்படும் 10 சதவீத ஆலைகளின் சராசரியை அளவுகோலாக வைத்து இலவசச் சீட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கார்பனுக்கு விலை வேண்டும் என்று சொல்வதற்கும், எனக்குரிய இலவசச் சீட்டுகளைக் குறைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இடையில் இலக்கண முரண் எதுவும் கிடையாது. முதல் வாக்கியம் இணையதளத்தில் வரும், இரண்டாவது வாக்கியம் சட்டம் திருத்தப்படும் ஆண்டில் கருத்துக்கேட்புக் கடிதத்தில் வரும். லாபிமேப்பில் ஒரே வரிசையில் அடுத்தடுத்த கட்டங்களில் முதலாவதற்கு மேலான மதிப்பெண்ணும் இரண்டாவதற்குக் கீழான மதிப்பெண்ணும் விழும் முறை இதனால்தான் வருகிறது. என் கணக்கில் இந்தச் சேவையின் மதிப்பில் பாதி இந்த ஒரு பார்வையிலேயே அடங்கிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் கொள்கை ஆதரவு பொதுவான வாக்கியத்திலிருந்து சட்டத்தின் குறிப்பான பிரிவை நோக்கி நகரும்போது எவ்வளவு தேய்கிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அதே வரிசையில் ஒரு குறையும் உண்டு. இலவசச் சீட்டு கேட்பதை நேரடியான எதிர்ப்பு என்று எண்ணிவிடுவது சரியா என்ற கேள்விக்குக் கட்டத்தில் இருக்கும் விளக்கம் போதுமான பதில் தருவதில்லை. இறக்குமதிப் பொருள்களுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் வசூலிக்கும் ஐரோப்பிய ஏற்பாடு 2023 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கி 2026 ஜனவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. உரங்களும் ஹைட்ரஜனும் அதில் உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டிருந்தும் கரிம ரசாயனங்களும் நெகிழி மூலப்பொருள்களும் அதில் சேர்க்கப்படவில்லை. அதாவது ஒரே வளாகத்தில் அம்மோனியா எல்லைக் கட்டணத்தின் பாதுகாப்புக்குள் வந்து படிப்படியாக 2034-க்குள் இலவசச் சீட்டை இழக்கும். பக்கத்துப் பிரிவில் தயாராகும் எத்திலீன் சார்ந்த பொருள்களுக்கு இலவசச் சீட்டு மட்டுமே கவசம். ஆலை வெளியேறும் ஆபத்து என்பது வெறும் மிரட்டல் என்றும் சொல்ல முடியாது: எரிவாயு விலை ஏறிய பிறகு, லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த 2 அம்மோனியாப் பிரிவுகளில் ஒன்றை மூடுவதாக பிஏஎஸ்எஃப் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அதே நேரத்தில் சீனாவின் ஜான்ஜியாங்கில் 1,000 கோடி யூரோ வரை செலவிட்டு ஒரு புதிய ஒருங்கிணைந்த வளாகத்தையும் அது கட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பின்னணி தெரிந்தவர் ஒரு கீழ் மதிப்பெண்ணைப் படிக்கும் விதம் வேறு, தெரியாதவர் படிக்கும் விதம் வேறு. சேவை இரண்டாமவருக்கு உதவ வேண்டும், உதவவில்லை.

ஹைட்ரஜனில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பதை நிறுத்தி, மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுப்பதுதான் ரசாயனத் துறைக்கு இருக்கும் சில வழிகளில் ஒன்று. பிஏஎஸ்எஃப் 2025 மார்ச்சில் லுட்விக்ஸ்ஹாஃபனில் 54 மெகாவாட் திறனுள்ள மின்னாற்பகுப்பு நிலையத்தைத் திறந்தது. ஆண்டுக்கு 8,000 டன் வரை ஹைட்ரஜன் தரக்கூடியது அது, அரசு மானியத்தோடு கட்டப்பட்டது. இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியம் ‘புதுப்பிக்கத்தக்க’ ஹைட்ரஜன் என்ற பெயரைப் பெற வேண்டுமானால் புதிதாகக் கட்டப்பட்ட காற்றாலை, சூரிய மின் நிலையங்களின் மின்சாரமே வேண்டும் என்றும், 2030-இலிருந்து அந்த மின்சாரம் உற்பத்தியாகும் நேரமும் பயன்படும் நேரமும் மணிக்கு மணி பொருந்த வேண்டும் என்றும் 2023-இல் விதி வகுத்தது. தொழில்துறை பயன்படுத்தும் ஹைட்ரஜனில் 42 சதவீதம் 2030-க்குள் இந்த வகையாக இருக்க வேண்டும் என்ற இலக்கும் அதே ஆண்டு சட்டமானது. ஐரோப்பிய ரசாயனத் துறை இந்த விதிகள் அளவுக்கு மீறிக் கடுமையானவை என்று தொடர்ந்து சொல்லிவருகிறது. தளர்த்தினால் ஹைட்ரஜன் விரைவில் மலிவாகும் என்பது ஒரு வாதம். தளர்த்தினால் நிலக்கரி மின்சாரம் பின்வாசல் வழியாக நுழையும் என்பது மறுவாதம். லாபிமேப் அரசு முன்வைத்த கொள்கையையும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளையும் அளவுகோலாக எடுத்துக்கொள்வதால், முன்மொழிவைத் தளர்த்தக் கேட்கும் எந்தத் திருத்தக் கோரிக்கையும் பலவீனப்படுத்தும் முயற்சியாகவே பதிவாகிவிடுகிறது. அரசின் முன்மொழிவே குறையுடையதாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த அளவுகோலில் இடமில்லை. நான் மறுவாதத்தின் பக்கம் நிற்பவன். ஆனாலும் இது முறையியலின் குறை என்றே சொல்வேன்.

எரிவாயு பற்றிய வரிசைகளில் சேவை தன் பலத்தைக் காட்டுகிறது. ரஷ்ய எரிவாயுவை உடனே நிறுத்த வேண்டுமா என்ற விவாதம் 2022 வசந்தத்தில் ஜெர்மனியில் சூடாக இருந்தபோது, அப்போதைய தலைமை நிர்வாகி மார்ட்டின் புரூடர்முல்லர் அது நாட்டின் பொருளாதாரத்தையே அழித்துவிடும் என்ற பொருளில் பத்திரிகைப் பேட்டியில் எச்சரித்தார். தலைமை நிர்வாகியின் பேச்சு என்ற தனி வகை லாபிமேப்பில் இருப்பது இதுபோன்ற தருணங்களுக்காகத்தான், ஏனெனில் கடிதங்களைவிடப் பேட்டிகள் அமைச்சர்களின் மேசையை வேகமாகச் சென்றடைகின்றன. இதோடு வாசகர் தாமாகச் சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் எண்ணெய், எரிவாயு நிறுவனமான வின்டர்ஷால் டேயாவில் பிஏஎஸ்எஃப்புக்கு 72.7 சதவீதப் பங்கு இருந்தது. அந்த வின்டர்ஷால், ரஷ்ய எரிவாயுவை ஜெர்மனிக்குக் கொண்டுவரக் கட்டப்பட்ட நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு நிதி தந்த 5 ஐரோப்பிய நிறுவனங்களில் ஒன்று. வின்டர்ஷால் டேயாவின் ரஷ்யா சாராத தொழில் பிரிட்டனின் ஹார்பர் எனர்ஜி நிறுவனத்துக்குக் கைமாறியது 2024 செப்டம்பரில்தான். எரிவாயுவை வாங்குபவராகவும் எடுப்பவராகவும் ஒரே நேரத்தில் இருந்த நிறுவனத்தின் கருத்தை எடைபோடும்போது பங்குடைமை பக்கத்தின் முகப்பிலேயே தெரிய வேண்டும்.

சங்கங்களுக்கான தனி மதிப்பெண்தான் இந்தச் சேவையில் எனக்குப் பிடித்த பகுதி. பிஏஎஸ்எஃப் ஜெர்மனியின் விசிஐ, பிரஸ்ஸல்ஸின் செஃபிக், அமெரிக்காவின் அமெரிக்கன் கெமிஸ்ட்ரி கவுன்சில் ஆகிய ரசாயனத் தொழில் சங்கங்களின் உறுப்பினர். நிறுவனம் தன் பெயரில் சொல்லத் தயங்குவதைச் சங்கம் சொல்லும், சங்கம் சொன்னதைப் பற்றிக் கேட்டால் அது உறுப்பினர்களின் பொதுக் கருத்து என்று நிறுவனம் சொல்லும். இந்த ஒளிவுமறைவு ரசாயனத் துறைக்கு மட்டும் உரியதல்ல என்றாலும், அங்கே சங்கங்கள் மிகப் பழமையானவை, விசிஐ 1877-இல் தோன்றியது. லாபிமேப் உறுப்பினர் என்ற ஒட்டுறவோடு நிற்காமல், நிறுவனத்தின் ஆள் சங்கத்தின் ஆட்சிக் குழுவில் இருக்கிறாரா என்பதையும் பார்த்து உறவின் எடையைக் கூட்டுகிறது. இது நியாயமானது. சந்தா மட்டும் கட்டுபவரையும் தலைவர் நாற்காலியில் அமர்பவரையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

எனினும் சங்கத்துக்கும் தனி நிறுவனத்துக்கும் இடைப்பட்ட ஒரு வடிவம் இப்போது பெருகிவருகிறது, அதைப் பிடிப்பதில் கட்டங்கள் திணறுகின்றன. 2024 பிப்ரவரி 20 அன்று பெல்ஜியத்தில் உள்ள பிஏஎஸ்எஃப்பின் ஆன்ட்வெர்ப் வளாகத்தில் 73 தொழில் தலைவர்கள் கூடி, ஐரோப்பாவுக்கு ஒரு தொழில் ஒப்பந்தம் வேண்டும் என்ற ஆன்ட்வெர்ப் பிரகடனத்தை ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லயனிடம் அளித்தார்கள். அது காலநிலை இலக்கை எதிர்க்கவில்லை, இலக்கோடு தொழிலும் பிழைக்க வேண்டும் என்றது. மலிவான குறை-கார்பன் மின்சாரம், பொது நிதி, ஏற்கெனவே உள்ள விதிகளைத் திருத்தும் ஒரு தொகுப்புச் சட்டம் ஆகியவற்றைக் கேட்டது. ஓராண்டு கழித்து 2025 பிப்ரவரி 26 அன்று ஆணையம் தூய தொழில் ஒப்பந்தத்தையும், நிறுவனங்களின் அறிக்கைக் கடமைகளைத் தளர்த்தும் தொகுப்பு முன்மொழிவையும் ஒரே நாளில் வெளியிட்டது. இந்தப் பிரகடனத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது, பிளஸ்ஸா மைனஸா? மின்சாரப் பகுதி பிளஸ், விதித் தளர்வுப் பகுதி மைனஸ் என்று கூறுபோடலாம். ஆனால் அரசியலில் அது கூறுபோடப்படாமல் ஒரே கோரிக்கையாக வேலை செய்தது. ஒரு நிறுவனம் கொள்கையின் ஒவ்வொரு பிரிவையும் பற்றிச் சொல்வதை அளக்கத் தெரிந்த கருவி, பேச்சின் பொருளையே காலநிலையிலிருந்து போட்டித்திறனுக்கு மாற்றிவிடும் உத்தியை அளக்கத் தெரியாமல் நிற்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொரு எண் ஈடுபாட்டின் தீவிரம். அது நிலைப்பாடு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை, நிறுவனம் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பேசுகிறது என்று மட்டும் பார்க்கிறது. 12-ஐத் தாண்டினால் செயல்பாட்டில் இருப்பதாகவும், 25-ஐத் தாண்டினால் மிகத் தீவிரமாக இருப்பதாகவும் கொள்கிறார்கள். நடுத்தரமான தரம் பெற்ற இரு நிறுவனங்களில் ஒன்று வாய் திறக்காமலே அந்தத் தரத்தைப் பெற்றிருக்கலாம், மற்றது ஒவ்வொரு கருத்துக்கேட்புக்கும் கடிதம் எழுதிப் பெற்றிருக்கலாம். கொள்கையை நகர்த்துவது இரண்டாவதுதான். தரத்துக்கு முன்பாக இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

சொல் மட்டுமே இங்கே அளக்கப்படுகிறது, செயல் அல்ல. சபிக், லிண்டே நிறுவனங்களோடு சேர்ந்து பிஏஎஸ்எஃப் 2024 ஏப்ரலில் தொடங்கிய மின்சாரத்தால் சூடேறும் நீராவிப் பிளவு உலை, கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை உடைக்கத் தேவையான சுமார் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எரிவாயு இல்லாமல் தரும் முன்னோட்ட முயற்சி. காலநிலைக்கு அது முக்கியமான பொறியியல். லாபிமேப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை, இருக்கவும் கூடாது, ஏனெனில் நல்ல உலையைக் காட்டி மோசமான கடிதத்தை மன்னிக்கும் பழக்கம்தான் இந்தச் சேவை தோன்றக் காரணம். ஆனால் உலையையும் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் மின்சார விலையைப் பற்றி நிறுவனம் ஏன் இத்தனை உரக்கப் பேசுகிறது என்பது விளங்கும்.

மாற்றுகள் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு செலவையும், ஆணையம் வெளியிடும் பட்டியல் சந்திப்புகளையும் காட்டும். எதைப் பேசினார்கள் என்பது அநேகமாக ஒரு வரியில் முடிந்துவிடும். ஜெர்மனியின் லாபிப் பதிவேடு 2022-இல் வந்தது. 2024 மார்ச் முதல் எந்தச் சட்ட முன்வரைவைப் பற்றிப் பேசினார்கள் என்பதையும், கொடுத்த முக்கியக் கருத்துரைகளையும் அதில் பதிவேற்ற வேண்டும் என்றானது. பிஏஎஸ்எஃப் போன்ற நிறுவனத்தைப் பொறுத்தவரை இந்தப் பதிவேடு லாபிமேப்பைவிடப் புதிய, நேரடியான ஆவணங்களைத் தருகிறது. ஆனால் ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும், எது முக்கியம் என்று நாமே சலித்தெடுக்க வேண்டும். லாபிமேப் மூல வாசகத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைப்பது இந்த இடத்தில் பேருதவி. பொறுமை உள்ளவர்கள் லாபிமேப்பில் தொடங்கி பெர்லின் பதிவேட்டில் முடிப்பதே சிறந்த வழி.

நிறுவனம் எங்கே நிற்கிறது என்பதை ஒரு மேலாளருக்கோ வாடிக்கையாளருக்கோ ஒரே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பவர்கள் இந்தச் சேவையால் தவறாக வழிநடத்தப்படுவார்கள். ஓய்வூதிய நிதியை நிர்வகிப்பவர்கள், பத்திரிகையாளர்கள், சட்டம் எழுதும் அலுவலகங்களில் உள்ளவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். குறிப்பாக, 2022-இல் வெளியான பொறுப்பான காலநிலைப் பரப்புரைக்கான உலகத் தரநிலையின் 14 அளவீடுகளை வைத்து நிறுவனங்களோடு பேசும் முதலீட்டாளர்களுக்கு, கேள்வி கேட்கத் தேவையான வாசகங்கள் இங்கே ஆதாரத்தோடு கிடைக்கின்றன. அடுத்த பதிப்பில் நான் எதிர்பார்ப்பது ஒன்றே: ஒரே வரிசையில் உள்ள சான்றுகளை ஆண்டு வாரியாக அடுக்கிக் காட்டும் ஒரு காலக்கோடு. இலவசச் சீட்டு பற்றி ஒரு நிறுவனம் எரிவாயு நெருக்கடிக்கு முன் என்ன சொன்னது, பின் என்ன சொன்னது, புதிய தலைமை நிர்வாகி மார்க்கஸ் காமியெத் 2024-இல் பொறுப்பேற்ற பிறகு என்ன சொல்கிறது என்பதை அறிய, இப்போது கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேதிகளைக் கையால் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.